தோள் வலி: ஜவ்வு கிழிஞ்சதா, பயமா, எது அம்மைக்க கைய முடக்கி வச்சிருக்கு?

அண்டிஆபீஸ்_மகன் (திருவட்டாறு):

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க. அம்மைக்கு வயசு 54. கல்யாணத்துக்கு முன்னால இருந்தே அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஃபேக்டரில, கொட்டைய தல்லி ஒடைக்குத வேலை. போன ஓணம் சமயத்துல இருந்து வலது தோளுல வலி. மொதல்ல சும்மா கடுப்பு மாதிரிதான் இருந்துது, ராத்திரி முறிவெண்ணெய் போட்டு தடவிட்டு காலைல சோத்துப் பாத்திரத்த எடுத்துக்கிட்டு வேலைக்கு போயிருவாவ. அப்புறம் நாரோயில்ல ஒரு எடத்துல ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்ட பாத்த டாக்டரு "ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு, கைய மேல பொக்காதீங்க, மீதியும் கிழிஞ்சா ஆபரேஷன்தான்"னு சொன்னாரு. நாங்க ஒண்ணு கேக்கதுக்குள்ள அடுத்த டோக்கன கூப்பிட்டாச்சு.

அன்னையில இருந்து அம்மை வேற ஆளு. பழைய துவர்த்துத் துண்ட கழுத்துல கட்டி கைய அதுக்குள்ள தொங்க விட்டுருக்காவ. சோறு எடது கையால அள்ளித் திங்காவ, தல சீவ தங்கச்சி வேணும், சட்டை மாட்டவும் ஆளு வேணும். கேட்டா "கிழிஞ்ச துணிய இழுத்தா என்ன ஆவும், அதான்"ங்காவ.

எனக்கு விளங்காத ஒரு சங்கதி இருக்கு. போன வாரம் சவுதில இருந்து அக்கா போன் பண்ணுனா. போனு செல்ஃபுக்க மேல் தட்டுல கெடந்துது, அம்மை மத்தியானம் கண்ணசந்து கிடந்தவ டக்குனு எழும்பி வலது கைய நீட்டி எடுத்துட்டாவ, தல உயரத்துக்கும் மேல. காதுல வச்சு ரெண்டு வார்த்தை பேசுனதுக்கு பொறவுதான் எந்தக் கைன்னு பாத்தாவ, பாத்த ஒடனே "அய்யோ"ன்னு தோள புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாவ, அன்னைக்கு ராத்திரி முழுக்க வலி, ஒறங்கவே இல்ல. இத பாத்துட்டு மைனி "எல்லாம் நடிப்பு"ன்னு சொல்லிட்டா, வீட்டுல ஒரே சண்ட. அம்மை நடிக்கக்கூடிய ஆளு இல்ல, அது எனக்கு நல்லா தெரியும். அப்போ இது என்னது? நெஜமாவே ஜவ்வுதானா இல்ல பயமா? பயம்னு சொன்னா அம்மை மனசு ஒடஞ்சு போவும், அதனாலதான் இங்க கேக்கேன்.

ரப்பர்_பால் (குலசேகரம்):

மக்கா, மொத காரியம், ஒனக்க மைனிய அந்த வார்த்தைய திரும்ப சொல்லாண்டாம்னு சொல்லு. இத்தன வருஷமா அண்டி தல்லுன கை வலிக்காம பின்ன என்ன செய்யும். நாங்க பால் வெட்டுத ஆளுவ, பட்ட மேல போவ போவ கைய ஒசத்தி வச்சே வெட்டணும், வெளுக்கதுக்கு முன்னால நூத்துக்கணக்குல மரம், தோளு என்ன படும்னு எங்களுக்கு தெரியும். ஓய்வு குடு, கூலிக்கு வேற வழி பாரு.

தக்கலை_பிசியோ:

அண்டிஆபீஸ்_மகன் தம்பி, நீங்க எழுதுன அந்த போன் எடுத்த விஷயம் ரொம்ப முக்கியமானது, அத நல்லா கவனிச்சிருக்கீங்க. நான் தோள் வலிக்காரங்கள தினமும் பாக்குறவன், ஆனா அம்மாவ நேர்ல பாக்காம இது இன்னதுன்னு உறுதியா சொல்ல மாட்டேன், பொதுவா தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல அது நடிப்பு இல்ல. வலிங்கிறது சதை எவ்வளவு கெட்டிருக்குன்னு அளந்து சொல்ற மீட்டர் கிடையாது. உடம்புக்கு ஆபத்து இருக்குன்னு நரம்பு மண்டலமும் மூளையும் முடிவு பண்ணும்போது வலி வருது, அந்த முடிவுக்கு தோள்ல இருந்து வர்ற சேதியும் சேருது, டாக்டர் சொன்ன வார்த்தையும் சேருது, தூக்கம் இல்லாததும், கூலி போனதும், வீட்டு சண்டையும் எல்லாமே சேருது. உலக அளவுல வலி ஆராய்ச்சிக்குன்னு இருக்கிற சங்கம் 2020ல வலிக்கான வரையறைய திருத்தி வெளியிட்டாங்க, அதுல வலி உடம்புல உணர்றதும் மனசுல உணர்றதும் சேர்ந்த ஒரு அனுபவம்னும், ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அத மதிக்கணும்னும் தெளிவாவே எழுதியிருக்காங்க. அதனால "ஜவ்வா பயமா"ன்னு ரெண்டுல ஒண்ண எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. அம்மா அன்னைக்கு ராத்திரி பட்டது முழு வலி. ஆனா போன எடுக்கும்போது பயப்பட நேரம் இல்லாததால கை முழுசா மேல போச்சு, அப்ப அந்த கை மேல போகக்கூடிய கைதான். கிழிஞ்சிருச்சோன்னு நெனச்ச அடுத்த நிமிஷம் தோள் சுத்தி இருக்கிற தசை எல்லாம் இறுகி புடிச்சிருக்கும், மனசும் அங்கயே நின்னிருக்கும், ராத்திரி முழுக்க வலிக்காம எப்படி இருக்கும்?

ரெண்டாவது அந்த ஸ்கேன். 2011ல வந்த ஒரு ஆய்வுல 40ல இருந்து 70 வயசுக்குள்ள இருக்கிற 51 ஆம்பளைங்களுக்கு தோள்ல அல்ட்ராசவுண்ட் எடுத்தாங்க, எல்லாருமே தோள்ல ஒரு வலியும் இல்லாதவங்க. அதுல 96 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மாற்றம் ரிப்போர்ட்ல வந்துச்சு, பாதி கிழிசல் மட்டுமே அஞ்சுல ஒருத்தருக்கு மேல இருந்துச்சு. வலி இல்லாம நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருந்த ஆளுங்க! முடி நரைக்கிற வயசுல தோள்ல இதெல்லாம் வரும். அதுக்காக கிழிசலே பொய்னு சொல்லல, அம்மாவோட வலிக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா கிழிசல் இருக்கிறதால கைய தூக்கவே கூடாதுங்கிறது தப்பு. அம்மா சொன்ன துணி உதாரணம்தான் இங்க சிக்கல். துணிய இழுத்தா கிழியும், சரி. நாம ஜவ்வுன்னு சொல்ற தசைநார் உயிருள்ளது, ரத்த ஓட்டம் உள்ளது, அளவா வேலை குடுத்தா பலமாகும், கட்டிப்போட்டா மெலியும். துவர்த்துல தொங்க விட்ட கை மாசக்கணக்குல அப்படியே இருந்தா இறுக்கமும் சேர்ந்துக்கும், அப்புறம் உண்மையாவே தூக்க முடியாது.

மூணாவது, நீங்க கேட்ட கேள்விக்கு நேரடியா. இங்கிலாந்துல பிசியோவுக்கு வந்த 1030 தோள் வலிக்காரங்கள தொடர்ந்து பாத்தாங்க. யாரு குணமாவாங்கன்னு முன்கூட்டி காட்டுனதுல ரெண்டு விஷயம் முக்கியமா நின்னுச்சு, ஒண்ணு "எனக்கு இது சரியாகும்"ங்கிற எதிர்பார்ப்பு, இன்னொண்ணு "வலி இருந்தாலும் என்னால என் வேலைய பாத்துக்க முடியும்"ங்கிற தைரியம். ஆரம்பத்துல வலி ரொம்ப அதிகமா இருந்தவங்ககூட இந்த தைரியம் இருந்தா, வலி கம்மியா இருந்து தைரியம் இல்லாதவங்க அளவுக்கோ அதவிட நல்லாவோ வந்தாங்க. நான் இத படிச்சப்ப என் கிளினிக்ல வந்து போன முகமெல்லாம் ஞாபகம் வந்துச்சு.

ரப்பர்_பால் (குலசேகரம்):

தக்கலைக்காரரே, படிச்சேன், மரியாதையோடதான் கேக்கேன். நீங்க சொல்லுதது முழுக்க ஆளுக்க தலைக்குள்ள வந்து நிக்குது. நாளைக்கு எஸ்டேட்காரன் இத படிச்சா என்ன சொல்லுவான் தெரியுமா, "ஒனக்கு தைரியம் இல்ல, அதான் வலிக்கு, போயி வெட்டு"ன்னு சொல்லுவான். அந்த அம்மைக்கு வேலைதான் நோவு தந்துது. அத மாத்தாம எண்ணத்த மாத்துன்னு சொன்னா அது நியாயமா?

தக்கலை_பிசியோ:

நியாயம் இல்ல, நானும் உங்க பக்கம்தான் அண்ணே. எண்ணத்த மாத்துன்னு ஏழைக்கு மட்டும் உபதேசம் பண்றது கொடுமை. வேலையில கையோட உயரம், ஒரே அசைவு, எடை, ஓய்வு, இதெல்லாம் மாறாம வெறும் தைரியம் பேசுனா வலி திரும்ப வரும். ஆனா இப்ப அம்மா வேலைக்கே போகல, வீட்டுல சும்மாதான் இருக்காங்க, அப்பவும் வலி ஏறிக்கிட்டே போகுது பாருங்க. இங்க வேலைய மட்டும் குத்தம் சொல்லி நிறுத்த முடியாது, "தூக்குனா அறுந்துரும்"ங்கிற அந்த ஒரு வாக்கியம் இப்ப தனியா வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. அந்த வாக்கியத்த உண்டாக்குனது அம்மா இல்ல, வெள்ளைக்கோட்டு போட்டவங்கதான், அத சரி பண்ற கடமையும் எங்களுக்குத்தான்.

ஆசான்வீட்டு_பேரன் (முஞ்சிறை பக்கம்):

இத பத்தி எனக்கும் சொல்ல உண்டு. எங்க பாட்டா வர்ம ஆசான். 108 வர்மம், அதுல படுவர்மம் 12, தொடுவர்மம் 96ன்னு சின்னதுலயே சொல்லித் தந்தாவ. தோளுல அடிபட்டு வாற ஆளுவ நம்ம ஊர்ல பாதிப்பேரு பயந்துக்கிட்டுதான் வருவாவ, வர்மம் கொண்டுட்டு, இத்தன நாளுக்குள்ள எளக்கலைன்னா கை போயிரும், உசுரே போயிரும்னு யாராவது சொல்லி விட்டுருப்பான். பாட்டா மொத காரியமா செய்யுதது என்ன தெரியுமா? ஆள திண்ணையில இருத்தி சுக்குத்தண்ணி குடுத்து "பயப்படாண்டாம், இது வர்மம் இல்ல, சதப்புடிப்பாக்கும்"னு சொல்லுவாவ. அதுக்கு பொறவுதான் காயத்திருமேனி எண்ணெய எடுப்பாவ. பாதி வலி அந்த திண்ணையிலயே எறங்கிரும், நான் கண்ணால கண்டது. அதனால இந்த நம்பிக்கை விஷயம் இங்கிலாந்துக்காரன் கண்டுபிடிக்க வேண்டிய காரியம் இல்ல. இந்த அம்மைய நல்ல ஆசான்ட்ட கூட்டிட்டு போங்க, கையால தடவி எளக்குனா பயமும் சேந்து போவும்.

தக்கலை_பிசியோ:

உங்க பாட்டா திண்ணையில செஞ்சத எங்க காலேஜ்ல சொல்லித் தந்தா நல்லா இருக்கும், மனசார சொல்றேன். ஆனா ஒரு கேள்வி. "ஆசானோட கைராசியாலதான் சரியாச்சு"ன்னு ஆளு வீட்டுக்கு போனா, அடுத்த தடவ வலி வரும்போது அவங்க கைய நம்புவாங்களா, ஆசான் கைய நம்புவாங்களா? பிசியோவும் இதே தப்புல விழறாங்க, மெஷின் வச்சாதான் சரியாகும்னு ஜனங்கள பழக்கி வச்சிருக்கோம். 2021ல இங்கிலாந்துலயே 708 பேர வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஒரே ஒரு தடவ நல்லா உக்காந்து பேசி விளக்கம் சொல்லி வீட்டுல செய்ய பயிற்சி காட்டி விட்டவங்களும், ஆறு தடவ வரைக்கும் பிசியோட்ட வந்து பயிற்சி செஞ்சவங்களும் ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். தினமும் பஸ் ஏறி கிளினிக் வர முடியாத நம்ம ஜனங்களுக்கு இது எவ்வளவு நல்ல சேதி!

ஆசான்வீட்டு_பேரன்:

அது செரி, ஆனா பாட்டா தடவி மட்டும் விடல. தடவுன மறுநாள்ல இருந்து கைவீச்சு உண்டு, ஆளு தானே செய்யணும், செய்யாத ஆளுக்கு அடுத்த தடவ எண்ணெய் கெடையாது. இப்ப கடை போட்டிருக்க பல பேரு அத விட்டுட்டாவ, அதுல எனக்கும் வருத்தம் உண்டு.

வடசேரி_வாத்தியார்:

ரிட்டயர்டு ஆசிரியர். சர்க்கரை 15 வருஷமா உண்டு. எனக்கு இடது தோள் இறுகிப்போய் ஃப்ரோசன் ஷோல்டர்னு சொன்னாங்க. இங்க எல்லாரும் பயந்து கைய கட்டிப்போடுறத பத்தி பேசுறீங்க, அதுக்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கையால நான் பட்ட பாட்ட சொல்லணும். "வலிக்க வலிக்க செஞ்சாதான் விடும்"னு ஒரு இடத்துல ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டு கைய வலுக்கட்டாயமா மேல ஏத்துனாங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், ஏன்னா மருந்து கசக்கத்தான் செய்யும்னு வளந்தவங்க நாம. ஒவ்வொரு தடவ போயிட்டு வந்த பிறகும் ராத்திரி இன்னும் மோசம். கை அதவிட இறுகிப்போச்சு. தைரியம் வேணும்னு சொல்லும்போது இதையும் சேத்து சொல்லுங்க, இல்லாட்டி சிலபேர் தைரியமா கெடுத்துக்குவாங்க.

தக்கலை_பிசியோ:

சார், நீங்க சொன்னது இந்த இழையிலயே ரொம்ப தேவையான விஷயம். ஃப்ரோசன் ஷோல்டர் வேற கதை. 40ல இருந்து 60 வயசுக்குள்ள அதிகம், சர்க்கரை உள்ளவங்களுக்கு இன்னும் அதிகம், மூட்டைச் சுத்தி இருக்கிற உறையே தடிச்சு இறுகிருது. பெரும்பாலும் தானா தளரும், ஆனா ஒண்ணுல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஆகலாம், சிலருக்கு கொஞ்சம் இறுக்கம் நின்னும் போகலாம். 2004ல 77 பேர வச்சு வந்த ஆய்வுல வலிக்குள்ளயே நின்னு மெதுவா அசைச்சவங்கள்ல 89 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷத்துல கை ஏறக்குறைய பழைய மாதிரி ஆச்சு, வலிய தாண்டி அழுத்தி நீட்டுனவங்கள்ல 63 சதவீதம்தான். "வலின்னா சேதம், அசைக்காத" அப்படிங்கிறதும் "வலிச்சாதான் குணம், விடாத" அப்படிங்கிறதும் ரெண்டுமே ஆள கெடுக்கும். வீட்டுல பின்பத்த ஒரு அளவு: அசைக்கும்போது கொஞ்சம் வலிக்கலாம், பொறுக்கிற அளவு, அடுத்த நாள் காலைல பழைய நிலைக்கு வந்துருக்கணும். வரலைன்னா முந்தின நாள் செஞ்சது கூடிருச்சு, குறைச்சுக்கணும், நிறுத்தக்கூடாது.

அண்டிஆபீஸ்_மகன், அம்மாவுக்கு சர்க்கரை பாத்தாச்சா? பாக்கலைன்னா பாருங்க. அப்புறம் அவங்க கைய அவங்க தூக்க முடியலைன்னாலும், நீங்க மெதுவா புடிச்சு தூக்குனா மேல போகுதான்னு பாருங்க. போன எடுத்தத வச்சு பாத்தா இது இறுகிப்போன தோள் மாதிரி தெரியல.

கடியபட்டணம்காரி:

நான் மீன் விக்குத பொம்பள. சட்டிய தலைக்கு பொக்கும்போது தோளு ஒரு குத்து குத்தும், பாருங்க, அந்த ஒரு நிமிஷம்தான் உசுரு போற மாதிரி, தலைக்கு ஏறிட்டா பின்ன நடந்துருவேன். எனக்க வீட்டுக்காரரு மடி வலை இழுத்து தோளு வலின்னு வந்தா நாலு நாள் கரையில கெடப்பாரு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. நான் ஒருநாள் சட்டிய எறக்கி வச்சா மாமியாரு "இவளுக்கு மட்டும் என்ன புதுசா"ன்னு கேப்பாவ. அதனால நான் வலிய சொல்லுததே விட்டுட்டேன். சொல்லாம அடக்கி அடக்கி ஒருநாள் முடியாம போயி மூணு நாள் எழும்ப மாட்டேன், அப்புறம் திரும்ப அதே ஓட்டம். அந்த அம்மைய மருமவ நடிப்புன்னு சொன்னத படிச்சு எனக்கு வயிறு எரிஞ்சுது. நம்ப ஆளு இல்லாத வலி ரெண்டு மடங்கு வலி. கர்த்தர்ட்ட சொல்லி அழுவேன், அதுல கொஞ்சம் ஒறக்கம் வரும்.

குவைத்_நர்ஸ் (சொந்த ஊர் கருங்கல்):

கடியபட்டணம் அக்கா, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். வார்டுல தினமும் பாக்குறோம், வலிய யாரும் நம்பலைன்னா ஆளு அத நிரூபிக்கவே பாடுபட வேண்டியதாயிருது. கைய கட்டிக்கிட்டு காட்டணும், முகத்துல காட்டணும், ஒருநாள் கொஞ்சம் நல்லா இருந்தாலும் சிரிக்க பயம், சிரிச்சா "அப்ப சரியாச்சு போல, வேலைக்கு போ"ன்னு சொல்லிருவாங்க. அந்த துவர்த்து தொட்டில்ல பாதி ஜவ்வுக்காகவும் பாதி மருமக கண்ணுக்காகவும் தொங்குதோன்னு எனக்கு தோணுது. வீட்டுல உள்ளவங்க "வலிக்குதுன்னு தெரியும்மா, நம்புறேன்"னு மனசார சொன்னா கட்டு தானா அவிழும், நான் பாத்திருக்கேன்.

நீங்க அடக்கி வச்சு ஓடி விழுறீங்கல்ல அக்கா, அதுவும் வேண்டாம். சட்டில பாதி மீன மொதல்ல போட்டு தலைக்கு ஏத்திட்டு மீதிய பக்கத்துல நிக்கிறவங்கள மேல வச்சு போட சொல்லுங்க, அந்த ஒரு நிமிஷத்து பாரம் பாதியாகும். கேக்க கூச்சப்படாதீங்க.

இன்னொண்ணும் இங்க படிக்கிற எல்லாருக்கும். தோள் வலிக்கெல்லாம் பயப்படாண்டாம்னு சொல்லும்போது பயப்பட வேண்டியதையும் சொல்லணும். இடது தோள், கை, தாடை வலியோட நெஞ்சு அடைப்போ வேர்வையோ மூச்சு முட்டலோ வந்தா எண்ணெய் தேடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி, அது இதயமா இருக்கலாம், சர்க்கரை உள்ளவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். கீழ விழுந்து அன்னைல இருந்து கைய சுத்தமா தூக்க முடியலைன்னா அது முழுக்கிழிசலா இருக்கலாம், எலும்பு டாக்டர்ட்ட சீக்கிரம் காட்டணும், தள்ளிப்போட்டா கஷ்டம். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, தோள் சிவந்து சூடா வீங்குறது, இதுக்கும் காத்திருக்கக்கூடாது.

அண்டிஆபீஸ்_மகன்:

எல்லாருக்கும் நன்றி, எல்லாத்தையும் படிச்சு அம்மைட்ட பேசுனேன். நேத்து மைனியும் கூட இருந்தா. நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி மொதல்ல "ஒங்களுக்கு வலிக்குதுன்னு எங்களுக்கு தெரியும்"னு சொன்னேன், அம்மை ஒண்ணும் மிண்டல, கொஞ்ச நேரம் அழுதாவ. அப்புறம் "எதுக்கு இவ்வளவு பயப்படுதீய, ஆபரேஷனுக்கா"ன்னு கேட்டேன். அதுக்கு வந்த பதில் நான் நெனச்சே பாக்கல. ஆபரேஷன் இல்லியாம். எங்க அம்மச்சி கடைசி காலத்துல வாதம் வந்து வலது கை வெளங்காம கெடந்தாவ, அம்மைதான் பாத்தாவ. அம்மச்சிக்கும் மொதல்ல தோளுலதான் வலின்னு ஆரம்பிச்சுதாம். தனக்கும் அதேதான் வருது, ஜவ்வு அறுந்தா கை அப்படியே செத்துப்போவும், பின்ன யாரு என்ன தூக்கி குளிப்பாட்டுவான்னுதான் அம்மைக்க மனசுல ஓடிட்டு இருந்துருக்கு. இத்தன மாசம் ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஸ்கேன் டாக்டர் சொன்னது அதுக்கு மேல வந்து விழுந்துருக்கு. மைனியும் அழுதுட்டா.

இப்ப என்ன சொல்லணும்னு சொல்லுங்க. தோள் வலி வாதமா மாறுமா?

குவைத்_நர்ஸ்:

மாறாது தம்பி, இத அம்மைட்ட அப்படியே வாசிச்சு காட்டுங்க. கை வெளங்காம போறது மூளைக்கு போற ரத்தக்குழாய் அடைக்கிறதாலயோ வெடிக்கிறதாலயோ வருது. தோள் ஜவ்வுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அம்மச்சி விஷயத்துல, வாதம் வந்த பிறகு தளந்துபோன பக்கத்து தோள்ல வலி வர்றது ரொம்ப சகஜம், இத்தன வருஷம் கழிச்சு எது மொதல்ல எது பொறவுன்னு ஞாபகத்துல மாறியிருக்கலாம், இல்ல அம்மச்சிக்கு தோள் வலி தனியா முன்னமே இருந்திருக்கலாம். எதுவா இருந்தாலும் ஒண்ணால இன்னொண்ணு வரல. வாதத்துக்கு பயம் இருந்தா அதுக்கு பாக்க வேண்டியது பிரஷரும் சர்க்கரையும். ரெண்டையும் ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரி போயோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ பாருங்க, நம்பர் கையில இருந்தா அம்மைக்கே தெம்பா இருக்கும்.

தக்கலை_பிசியோ:

நானும் ஜவ்வ பத்தியே பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருந்தேன், உள்ள இருந்த பயம் வேற. அத கேட்டு வாங்குனது நீங்க, ரொம்ப நல்ல காரியம் செஞ்சீங்க தம்பி.

இனி கைக்கு. துவர்த்த ஒரே நாள்ல புடுங்காதீங்க, வீட்டுக்குள்ள இருக்கும்போது கழட்டி வைக்கட்டும், வெளிய கூட்டத்துல போகும்போது வேணும்னா போட்டுக்கட்டும். மேஜையில ஒரு துணிய விரிச்சு வலது கையால முன்னும் பின்னும் தேய்க்கட்டும். அடுத்து சுவர்ல விரல் வச்சு மெதுவா ஏறட்டும், எங்க பயம் வருதோ அங்க ஒரு மூச்சு நின்னுட்டு எறங்கட்டும். தல சீவுறத தங்கச்சி பாதி, அம்மா பாதின்னு பிரிச்சுக்குங்க. அந்த போன எடுத்தத குத்தமா சொல்லாம, "பாத்தீங்களா, கை மேல போச்சு, ஒண்ணும் அறுந்து போகல"ன்னு சாட்சியா சொல்லுங்க, அந்த கைதான் இதுவும்னு. ஆபரேஷன் பயம் கொஞ்சமாவது இருந்தா இதையும் சொல்லலாம்: இதே மாதிரி தோள் வலிக்கு எலும்ப கொஞ்சம் செதுக்குற ஆபரேஷன் ரொம்ப காலமா நடந்துச்சு, 2018ல 313 பேர வச்சு வந்த ஆய்வுல அந்த ஆபரேஷனும், உள்ள கேமராவ மட்டும் விட்டு பாத்துட்டு ஒண்ணும் செதுக்காம தச்சு விட்டதும் ஒரே பலன்தான் குடுத்துச்சு. ஒண்ணுமே செய்யாம காத்திருந்தவங்களும் ரொம்ப பின்னால நிக்கல.

அண்டிஆபீஸ்_மகன்:

வாசிச்சு காட்டுனேன். "நெஜமாவா, அந்த நர்ஸ் பிள்ளை நல்லா தெரிஞ்சுதான் சொல்லுதா"ன்னு திரும்ப திரும்ப கேட்டாவ. இன்னைக்கு மேஜைய தொடச்சாவ, வலிக்குன்னும் சொன்னாவ, ஆனா நிறுத்தல. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நாளைக்கு கூட்டிட்டு போறேன்.

கடைசியா ஒரு சந்தேகம். ஆபீஸ்ல திரும்ப போவணும்னு அம்மை கேக்காவ, கூலி இல்லாம வீடு ஓடல. தல்லுக்கு எடைக்கணக்குலதான் கூலி, வேகமா செஞ்சாதான் கெடைக்கும். ஊசி போட்டா சீக்கிரம் போவலாம்னு பக்கத்து வீட்டக்கா சொல்லுதாவ, போடலாமா?

தக்கலை_பிசியோ:

ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு வலிய குறைக்கும், வருஷக்கணக்குல பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. அந்த சில வாரத்துல பயிற்சி செய்ய கை குடுக்கும்னா போடலாம், வேலைக்கு ஓடறதுக்காக மட்டும் போடாதீங்க. சர்க்கரை இருந்தா ஊசிக்கு பிறகு சில நாள் ஏறும், அதனால நாளைக்கு ரிசல்ட் வந்த பிறகு டாக்டர்ட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

ரப்பர்_பால்:

கூலி விஷயம் நான் சொல்லுதேன். மேஸ்திரிட்ட போயி ஒரு மாசத்துக்கு பருப்புத் தோலு உரிக்குத பீலிங்குலயோ தரம் பிரிக்குத கிரேடிங்குலயோ போட கேளு, அங்க கைய ஓங்க வேண்டாம். அரைநாள் தந்தாலும் வாங்கு. தனியா போவாத, யூனியன்ல யாரையாவது கூட்டிட்டு போ, டாக்டர் சீட்டும் கையில இருக்கட்டும்.

அண்டிஆபீஸ்_மகன்:

செரி அண்ணே, திங்கக்கிழம போறேன். மைனியும் அதே ஆபீஸ்ல பீலிங்குலதான் இருக்கா, நானும் கூட வாறேன், பக்கத்துல இருத்திக்கிடுதேன்னு அவளே சொன்னா.